நோரீன் வாயைத் திறந்த நாள்

கர்ராமுண்டியில் விமானம் இறங்க வேண்டுமென்றால் முதலில் நோரீன் மனசு வைக்க வேண்டும். ஓடுபாதையில் காட்டுக் குதிரைகள் மேயும், பன்றிகள் புரளும், கங்காருக்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும். விமானம் வருகிறது என்று சேதி வந்ததும் நோரீன் ஊர்க் கவுன்சிலின் ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, காது கூசும்படி திட்டிக்கொண்டே அத்தனையையும் விரட்டுவாள். பாதிரியார் பயணிக்கிற நாட்களில்கூட ஒரு வார்த்தையைக் குறைத்துக்கொண்டதில்லை.

இந்த வேலை அவளுக்குச் சிபாரிசில் கிடைத்ததல்ல. முன்பு வெளியூர்க்காரன் ஒருவன் இருந்தான். வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஹாரன் அடிப்பான். குதிரைகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருநாள் நோயாளியை ஏற்றிப்போக வந்த விமானம் இறங்க இடமில்லாமல் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போக இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தது நோரீனின் புருஷன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குள் ஓடினாள். குதிரைகள் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். விமானம் இறங்கி அவனை ஏற்றிப்போனது, புருஷன் பிழைத்து இன்னும் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் போனான். கவுன்சில் அடுத்த வாரமே அவளைக் கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தது.

நான் ஹெக்டர். கவுன்சிலின் சாலை வேலைகளுக்கு மேஸ்திரி. நோரீனும் நானும் ஒரே வயசு, ஒன்றாக வளர்ந்தவர்கள். என் தம்பி மகன் ஆல்வின் அவள் மகள் டானியாவைக் கட்டியபோது நாங்கள் சம்பந்திகள் ஆனோம். அதுவரை "டேய் ஹெக்டர்" என்றவள், கல்யாணத்துக்குப் பிறகு கோபம் வரும்போதெல்லாம் "சம்பந்தி, நீங்க" என்று ஆரம்பிப்பாள். அந்த "நீங்க" காதில் விழுந்தால் எனக்குப் பயம் வந்துவிடும்.

கல்யாணத்தன்றே நோரீனும் ஆல்வினும் ஒருவருக்கொருவர் இல்லாதவர்கள் ஆகிவிட்டார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் வழக்கம் அது. மாமியாரும் மருமகனும் பேசக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. எதிரே வந்தால் ஒருவர் விலகிப் போய் முதுகு காட்டி நிற்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. வெளியாட்கள் இதைப் பார்த்துவிட்டு, என்ன சண்டை என்று கேட்பார்கள். சண்டை போடுகிறவர்கள் பேசிக்கொள்வார்களே ஐயா. இவர்கள் வைத்திருந்தது அதற்கு நேர்மாறானது. ஊரில் வேறு யாருக்கும் யாரும் அவ்வளவு மரியாதை வைத்ததில்லை.

ஆல்வினுக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். செத்தவர்கள் பேரைச் சொல்வது எங்களுக்குள் வழக்கமில்லை, அதனால் அவள் பேரை நாங்கள் சொல்வதில்லை. அந்தப் பாசத்தையெல்லாம் அவன் மாமியார் பக்கம் திருப்பிவிட்டான் என்பது என் கணக்கு. ஆற்றில் கொடுவா மீன் மாட்டினால் பெரியது நோரீன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் இருக்கும். வைத்துவிட்டு ஒரு விசில் அடிப்பான், போய்விடுவான். அவள் வெளியே வந்து மீனைப் புரட்டிப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் நாயிடம் குறை சொல்வாள். "பாரு, செதிலை ஒழுங்கா எடுக்கத் தெரியல சில பேருக்கு." நாய்க்கு மேயர் என்று பேர் வைத்திருந்தாள். எங்கள் நிஜ மேயருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் கேட்கத் துணிச்சல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் போகாமல் நிற்கிற ஆல்வினுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேரும். அடுத்த மீன் கண்ணாடி மாதிரி வரும்.

சிக்கல் வயர்லெஸ்ஸில்தான். ஆல்வின் கவுன்சிலில் கிரேடர், அதாவது மண்பாதையைச் சுரண்டிச் சமப்படுத்துகிற வண்டி, ஓட்டுகிறவன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆற்றுக்கு அப்பால் முகாமிட்டுப் பாதையைச் சீர் செய்வான். ஊரில் எல்லா வண்டிக்கும் ஒரே அலைவரிசை. கடையிலும், கிளினிக்கிலும், பள்ளிக்கூடத்திலும், போலீஸிலும் அதே பெட்டிதான். ஒருவன் தும்மினால் ஊரே கேட்கும். ஓடுபாதைக் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வதும் நோரீனின் வேலை. ஆல்வின் குரல் வந்தால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் இல்லையென்றால் மைக்கை அமுக்கிக்கொண்டு, "மேயர், டீசல் லாரி நாளைக்குத்தான் வருதாம்" என்பாள். ஆல்வின் பதிலுக்கு, "யாரோ டீசல் நாளைக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்று காற்றோடு பேசுவான். இப்படியே வருஷங்கள் ஓடின. ஊருக்கும் பழகிவிட்டது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. டானியா தலைப்பிரசவத்துக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் இல்லாத எங்கள் ஊரில் பிள்ளை பெற விடமாட்டார்கள், மாதம் நெருங்கினால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஆல்வின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முகாமில் இருந்தான். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாயும் பிள்ளையும் வருகிற விமானம் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று தெரிந்ததும் முகாமைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு லாரியில் கிளம்பிவிட்டான்.

எனக்கு அது வயர்லெஸ்ஸில்தான் தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, தரைப்பாலம் பக்கம் போகாதே, ரெண்டு நாள் பொறு என்றேன். அவன் சிரித்தான். "பெரியப்பா, அந்தத் தரைப்பாலத்தைக் கட்டுனதே நான்தான். ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். எம் பொண்ணு இறங்குறப்போ நான் அங்க நிக்கணும்." கட்டியவனுக்கு வருகிற திமிர் அது. நானும் இள வயசில் அப்படித்தான் இருந்தேன், அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்குக் கிளம்பினேன். எதிரே போய் நின்று கையைக் காட்டினாலாவது நிற்பான் என்று நினைப்பு.

பாதி வழியில் நோரீனின் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. "சம்பந்தி, விமானி இப்பத்தான் பேசுனாரு. மேலே ஆறு கரையை உடைச்சுக்கிட்டு மரமெல்லாம் முழுங்கிட்டு வருதாம். நீங்க சொல்லுங்க." நான் சொன்னேன். மன்றாடினேன் என்றே சொல்ல வேண்டும். அவன் கேட்கவில்லை. "மேலே வந்தா இங்க வர சாயங்காலம் ஆகும் பெரியப்பா. இப்ப அரை டயர் தண்ணிதான்." நோரீன் நாயைக் கூப்பிட்டாள். "மேயர், ஆத்துல இறங்குறவங்களுக்குப் புத்தி இருக்கான்னு கேளு." அதற்கும் சிரிப்பு. "மேயருக்குப் பயம் வேண்டாம்னு சொல்லுங்க பெரியப்பா. முன் டயர் இறங்கிருச்சு. வர்றேன்."

பிறகு அது நடந்தது.

"ஆல்வின்."

நோரீனின் குரல். நடுவில் நாயும் இல்லை, நானும் இல்லை.

"ஆல்வின், நில்லு. நான் நோரீன் பேசுறேன். ஆறு உடைஞ்சு வருது. உம் பொண்ணு வானத்துல வந்துக்கிட்டு இருக்கா. வண்டியை விட்டு இறங்குப்பா. ஆல்வின்."

அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊர் அலைவரிசை அப்படி மௌனமாக இருந்து நான் கேட்டதே கிடையாது. கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா பிள்ளைகளின் காதைப் பொத்தப் போனாளாம், எத்தனை காதைப் பொத்த முடியும். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஊர்ச் சந்தியில் ஒருத்தி துணியை அவிழ்த்துப் போட்டு நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது. நோரீனா? வழக்கத்தை விட்டு இம்மி நகராத நோரீனா?

ஆல்வினிடமிருந்து பதில் இல்லை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் பெட்டியை அணைத்துவிட்டான் என்று புரிந்தது. மாமியார் குரல் நேராக வந்தால் மருமகன் வேறென்ன செய்வான்? காதை மூடிக்கொள்வான். இவள் நிறுத்துவதற்காகக் கூப்பிட்டாள். அவன் மரியாதைக்காக அணைத்துவிட்டான். இனி யார் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. வண்டியை மறுபடி கிளப்பினேன்.

ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது தரைப்பாலம் இல்லை. அது இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு போனது. எதிர்க்கரையே நான் நினைத்திருந்த இடத்தில் இல்லை, ஒரு பெரிய துண்டு பெயர்ந்து போயிருந்தது. கொஞ்சம் கீழே, வளைவில், கவுன்சில் லாரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. என் தம்பி சாகும்போது அவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான். நான் கரையிலேயே உட்கார்ந்து அவன் பேரைக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் ஊர் திரும்புவதற்குள் விமானம் இறங்கியிருந்தது. நோரீன் எப்படி ஓடுபாதையைக் காலி செய்தாள் என்பதை நர்ஸ்தான் பிறகு சொன்னாள். பேசி முடித்ததும் மைக்கை வீசியெறிந்துவிட்டு, தலையில் துணியைப் போட்டு மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாளாம். விமானச் சத்தம் கேட்டதும் எழுந்தாள். தலையில் மூடிய துணியோடே வண்டியில் ஏறினாள். அன்றைக்கு ஒரு வசவும் இல்லை. வாயே திறக்காமல் குதிரைகளை விரட்டினாள். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது என்றாள் நர்ஸ்.

டானியா குழந்தையை ஏந்திக்கொண்டு விமானத்தின் அருகிலேயே நின்றிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கூடியிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்ததும், "மாமா, அவர் எங்க?" என்று கேட்டாள். லாரி கிடந்த கோலத்தை நான் எந்த வாயால் சொல்வது? விமானியிடம் போனேன். எரிபொருள் இருக்கிறதா, ஆற்றோரமாக ஒருமுறை பறந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். இளைஞன், நல்லவன், உடனே ஏறிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. அக்கரையில், மரங்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஒரு ஆள் இருக்கிறான் என்றான். "ஆனா ஆளுக்குப் புத்தி பேதலிச்ச மாதிரி இருக்கு. தலைக்கு மேல ரெண்டு தடவை தாழப் பறந்துட்டேன், நிமிந்துகூடப் பாக்கல. ஆத்துக்கும் ஊருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கான்." டானியா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். விமானிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் பேச்சு காதில் விழுந்த மருமகன் எப்படி உட்கார வேண்டுமோ அப்படியே உட்கார்ந்திருந்தான் எங்கள் பையன்.

நடந்தது இதுதான். முன் சக்கரம் தண்ணீரில் இருக்கும்போது அந்தக் குரல் வந்தது. அவன் பெட்டியை அணைத்தான். அணைத்தும் போதவில்லை, குரல் வண்டிக்குள்ளேயே இருப்பது போலிருந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்னால் மேட்டுக்கு ஓடினான். முதுகைத் திருப்பி உட்கார்ந்த பிறகு கரை உடைந்தது. லாரி போன சத்தத்தைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பிழைத்தான் என்ற சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரரின் ஹெலிகாப்டர் அவனை ஏற்றிவரப் போனது. சாப்பாட்டையும் கையடக்க வயர்லெஸ் ஒன்றையும் வாங்கிக்கொண்டான், ஏற மாட்டேன் என்றுவிட்டான். அந்த வயர்லெஸ்ஸில் என்னிடம் மட்டும் பேசினான். "அவங்க வாயில என் பேரைக் கேட்டுட்டேன் பெரியப்பா. ஊரே கேட்டுச்சு. இனி அவங்க இருக்கிற ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சியோட வர்றது? அவங்களுக்கு என்னால அவமானம்." அந்தப் பக்கத்துப் பாதையிலேயே நடந்து வேறு ஊர் போய்விடப் போகிறானாம். குழந்தையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். டானியாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

நோரீன் அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டாள். அடுத்த விமானத்தில் கடற்கரையோரம் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம், திரும்ப மாட்டாளாம். வண்டிச் சாவியைக் கவுன்சில் மேசையில் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே கிடந்தாள். டானியா குழந்தையோடு போய் அவள் எதிரே உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"ஏம்மா அவர் பேரைச் சொன்னீங்க?"

"சொல்லலேன்னா?"

"அவர் வந்தா நீங்க போறீங்க. நீங்க இருந்தா அவர் வரமாட்டாரு. நான் எங்கம்மா போறது?" என்றாள் டானியா. நோரீன் குழந்தையைக்கூடத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாகாமல் காப்பாற்றியதற்கு இது தண்டனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. வழக்கத்தின் மேல் கோபப்பட முடியாது, அந்த வழக்கம்தான் அவனை லாரியிலிருந்து இறக்கியது.

வெளியே வந்து என் வண்டியில் ஏறினேன். மைக்கை எடுத்தேன். யோசித்துச் செய்ததில்லை, ஆத்திரத்தில் செய்தது.

"டேய், பெரியப்பன் பேசுறேன். வெள்ளிக்கிழமை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நான்தான். எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, குரல் பொம்பளைக் குரல் மாதிரி வந்துருச்சு. அதுக்குப் போயி மேட்டுல உக்காந்துக்கிட்டு என்னடா நாடகம்?"

இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு பேர் காதுபட நான் சொன்னதில்லை. எல்லோருக்கும் உண்மை தெரியும். யாராவது ஒருத்தர் சிரித்திருந்தால்கூட எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

முதலில் கடைக்காரம்மா வந்தாள். "ஆமாப்பா, ஹெக்டர் குரல்தான். நான் கடையில நின்னு கேட்டேன்." அடுத்து நர்ஸ். அன்றைக்குக் காலையில்தான் ஹெக்டர் தொண்டைக்கு மருந்து வாங்கிப் போனார் என்றாள். நான் கிளினிக் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, பிள்ளைகள்கூட ஹெக்டர் தாத்தா குரல் என்றுதான் சொன்னார்கள் என்றாள். மேயர், நிஜ மேயர், தொண்டையைச் செருமிக்கொண்டு, கவுன்சில் சார்பில் தானும் அதை உறுதி செய்வதாகச் சொன்னார். கடைசியில் வெளியூர்க்காரரான போலீஸ்காரரும் மைக்கைப் பிடித்து, ஹெக்டர்தான், சந்தேகமில்லை என்றார். எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

ஆல்வினுக்குத் தெரியாதா என்ன? தன் பேரை யார் சொன்னது என்று ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா? பெட்டி திறந்திருப்பது மட்டும் தெரிந்தது, காற்று இரைகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள்ளும் அதே காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நோரீன் வயர்லெஸ்ஸை அணைக்கவில்லை.

"சரி பெரியப்பா. நீங்கதான் கூப்பிட்டீங்க." நிறுத்தி நிறுத்திப் பேசினான். "நீங்க கூப்பிடலேன்னா எம் பொண்ணுக்கு அப்பன் இல்ல. அது எனக்குத் தெரியும். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

மறுபடி காற்று.

"ஆனா இன்னொரு தடவை என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தாங்காது. எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

கொட்டகைக்குள்ளிருந்து நோரீன் அழுகிற சத்தம் வந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். மைக்கை அமுக்கினேன்.

"சொல்லமாட்டேன்ப்பா," என்றேன். "நீ வா."